இரண்டாவது 2:14

அக்டோபரின் கடைசி ஞாயிறு
விடிய இன்னும் நேரம் இருக்கையில்
ஜெர்மனி முழுக்க முள் ஒரு மணி நேரம் பின்னால் போகும்.
இரண்டு மணி இரண்டு தடவை வரும்.
தூங்குகிறவர்களுக்கு அது இலவசம்.

லைப்ஸிக்கின் தென்பக்கம்
பதினாறாம் எண் டிராம் போகும் சாலையில்
ஜன்னலில்லாத ஓர் அறை.
யாருடையவோ வெள்ளையணுக்கள்
பைக்குள் பெருகிக்கொண்டிருந்தன.
கோடை நேரம், குளிர்கால நேரம்
எதுவும் அவற்றுக்குக் கிடையாது.
முப்பத்தேழு டிகிரி, அவ்வளவுதான்.

யாருடையவை என்று எனக்குத் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.
011. பெண். பிறந்த ஆண்டு 1961.
உடம்பிலிருந்து எடுத்து
புற்றை அடையாளம் காணப் பழக்கி
திரும்ப அனுப்ப வேண்டிய அணுக்கள்.
அனுப்பும் முன் எண்ணுவார்கள்:
நூற்றுக்கு எழுபது உயிரோடிருந்தால் போகலாம்.

என் அட்டவணையில் எழுபத்து நான்கு.
மூன்று வருடமாக எழுபத்து நான்கு.

கேள்வி சின்னதாகத்தான் வந்தது:
அன்றிரவு இயந்திரம் நாற்பத்தொரு முறை எண்ணியிருக்கிறது,
உங்களிடம் நாற்பது வரிதானே?

மூலக் கோப்பைத் திறந்தேன்.
2:14, எழுபத்து நான்கு.
இன்னொரு 2:14, அறுபத்தொன்பது.

மாதிரி எண்ணும் நேரமும் ஒன்றானால்
பின்னால் வந்த வரியை நீக்கு.
விதி என்னுடையது.
வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எழுதினேன்,
திக்கித் திக்கி இரண்டிரண்டாய் அனுப்பும்
ஒரு பழைய இயந்திரத்துக்காக.
முப்பதாயிரம் வரி, நான்கு விநாடியில் சுத்தம்.
அன்று மதியம் யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.

இரவுப் பணியில் இருந்த ஃபால்க்
இப்போது கெம்னிட்ஸில் வேறு வேலை.
தொலைபேசியில் உடனே ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு:
"அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னும் காசு வரவில்லை."
பிறகு சொன்னார்,
அணுக்கள் கட்டிகட்டியாய் ஒட்டியிருந்தன,
முதல் எண்ணிக்கையை நான் நம்பவில்லை,
காத்திருந்து மறுபடி எண்ணினேன்,
காகிதத்தில் இருக்கும் பாருங்கள்.

இருந்தது. முப்பத்தெட்டாம் பக்கம்,
சாய்ந்த கையெழுத்தில்
2A என்று ஒன்று, 2B என்று ஒன்று.
இரவு ரயில்களுக்கு அப்படித்தான் எழுதுவார்களாம்.
பைக்குக் கையெழுத்துப் போட்டவர்
அட்டவணையைத்தான் பார்த்தார்.

011இன் வரியில் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போனேன்.
ஒரு மாதம், மூன்று, பன்னிரண்டு.
இருபத்து நான்காம் மாதம்: நோய் காணவில்லை.

போகக் கூடாத பை போயிருக்கிறது,
போய் வேலையும் செய்திருக்கிறது.
சந்தோஷப்படலாமா என்று யாரைக் கேட்பது?
019இன் பையில் எண்பத்தெட்டு.
அந்த வரி நான்காம் மாதத்தோடு நிற்கிறது.
ஒரு வரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
சொல்ல வேண்டியவள் நானும் இல்லை.
வரி இருந்த இடத்தில் இருக்க வேண்டும்,
என் வேலை அது.

திரும்ப வைத்தேன். சிவப்பில் 69.
விலகல் படிவம் திறந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
மென்பொருள் என்று அடித்தேன்.
அழித்தேன்.
நான் எழுதிய விதி என்று அடித்தேன்.
இங்கே எதுவும் அழிவதில்லை,
அழித்த சொல் கீழே நேரத்தோடு நிற்கிறது:
தவசிமுத்து, 16:52, மென்பொருள்.

தவசிமுத்து என் அப்பா.
சேரும்போது குடும்பப் பெயர் கேட்டார்கள், கொடுத்தேன்.
கணினியைத் தொட்டே பார்க்காத மனிதர்
அதில் ஒரு நிமிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

ஃபால்க்கின் சம்பளம் பற்றிக் கணக்குப் பிரிவுக்கு எழுதினேன்.
பதில் இல்லை.
அட்டவணையில் ஒரு பத்தி கூட்டியிருக்கிறேன்:
எந்த இரண்டு?
வருடத்தில் அறுபது நிமிடம் தேவைப்படும்.
மற்றபடி காலியாகவே இருக்கும்.
காலியாக இருக்கிறதா என்று
மாதாமாதம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.